ஈரக் கைக்குட்டையும் இரட்டைப் பெட்டியும்

துரைக்கு வாழ்க்கையில் பிடிக்காத விஷயங்கள் இரண்டு. ஒன்று மழையில் நனைவது. இன்னொன்று, நனைந்த பிறகு அடுத்தவர் வீட்டு வாசலில் காத்துக் கிடப்பது. அந்த வியாழக்கிழமை மத்தியானம் மேற்குத் தாம்பரத்தில் இரண்டும் ஜோடியாக வந்து சேர்ந்தன.

'மணமேடை திருமணத் தகவல் நிலையம்' என்ற பலகைக்குக் கீழே, கல்யாணக் கனவுகளோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்குப் பக்கத்தில், எந்தக் கனவும் இல்லாமல், துரை தலையிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மேடம் இது? நாம இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறோம்? ராகு காலம் முடிஞ்சாத்தான் உள்ள வரணும்னு உக்கார வெச்சிகீறாரு."

"சத்தம் போடாதே துரை. நமக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் டைம்" என்றாள் ஞானஜோதி.

துரை வாயை மூடிக்கொண்டான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வருஷக்கணக்காக ஊரார் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு, வேலையை உதறி, தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள் ஞானஜோதி. அவளுடைய முதல் உதவியாளன் துரை. கடைசி உதவியாளனும் அவனே, ஏனென்றால் இரண்டாவது ஆளை வைக்க அங்கே நாற்காலி கிடையாது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். மேடம் சத்தம் போடாதே என்று சொன்னால் விஷயம் பெரிது என்று அவனுக்குத் தெரியும்.

விஷயம் அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. பெயர் செல்வமேரி. கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த பெரிய கம்ப்யூட்டரை இயக்குகிறவள். காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் படியேறி வந்து, பேச ஆரம்பிக்கும் முன்பே அழுதுவிட்டவள். ஞானஜோதிதான் முதலாளி பக்தவச்சலத்துக்குப் போன் போட்டு, போலீசுக்குப் போவதைச் சாயங்காலம் வரை தள்ளிப்போடச் சொல்லி, கெஞ்சி அவகாசம் வாங்கியிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. நிதானமா" என்றாள் ஞானஜோதி.

"தீபாவளி முடிஞ்சதிலேர்ந்து மேடம், தினம் ஒரு தடவை சிஸ்டம் அப்படியே விழுந்துடுது. திரை உறைஞ்சு போயிடும். அப்புறம் அணைச்சுப் போட்டா வந்துடும். ஆனா ஒவ்வொரு தடவையும் பதிவு கொஞ்சம் கலைஞ்சு போகுது. போன வாரம் ஒரு மாப்பிள்ளைக்குப் பத்துப் பொருத்தமும் இருக்குன்னு அவரோட ஜாதகத்தையே காட்டிச்சு."

"தன்னைத்தானே கட்டிக்கினா மாமியார் தொல்லை கெடையாதே" என்றான் துரை.

செல்வமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. துரைக்கு உடனே தன் நாக்கின் மேல் கோபம் வந்தது.

"சர்வீஸ் என்ஜினீயர் தட்சிணாமூர்த்தி சார் வந்து பாத்தார். மிஷின்ல கோளாறு இல்ல, ஆள்தான் பண்றாங்கன்னு சொல்லிட்டார். மிஷின்கிட்ட உக்கார்றது நான் ஒருத்திதான். இங்க என்கூட வேலை பாத்த பொண்ணு கூடுவாஞ்சேரில புதுசா திறந்த இன்னொரு தகவல் நிலையத்துக்குப் போயிட்டா. அவளுக்காக நான் இதைக் கெடுக்கறேனாம்." அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "மேடம், வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு சர்ச்சுல மூணாவது ஓலை."

துரை விழித்தான். அவள் அவனுக்காக விளக்கினாள். கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைப் படித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்பார். இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை.

"நேத்து எல்லார் முன்னாலயும் முதலாளி சொல்லிட்டார். உன் மேல கம்ப்ளெய்ண்ட் கொடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை நானே சர்ச்சுக்கு வந்து எழுந்து நின்னு சொல்றேன், திருட்டுப் பொண்ணைக் கட்டாதீங்கன்னு. அவங்க குடும்பமும் அதே சர்ச்சுதான் மேடம். அங்க வெச்சு அப்படி ஒரு வார்த்தை வந்துட்டா…"

ஒரு பெண்ணின் மானத்தை மைக் போட்டு ஏலம் விடப்போகும் மனுஷன் உள்ளே ராகு காலம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்க நினைக்கத் துரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த மிஷினைக் காட்டும்மா" என்று எழுந்தாள் ஞானஜோதி.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே செருப்புகளைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தூசி போகக்கூடாதாம். உள்ளே மேஜைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பதிவெல்லாம் இந்த டிஸ்க் பெட்டிக்குள்ளதான் இருக்கு. இதே மாதிரி இன்னொண்ணு முதலாளி ரூம்ல இருக்கு. இதுல என்ன எழுதினாலும் அதுலயும் அப்படியே எழுதும். மிரர்னு சொல்வாங்க. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தாங்கும். ரெண்டும் ஒரே கரெண்ட் லைன்ல இருக்கக் கூடாதுன்னு, சுவத்துல ஓட்டை போட்டு வயர் இழுத்து அதை அந்த ரூம்ல வெச்சாங்க."

"கம்ப்யூட்டர் ஓடறதுக்கு வேணுங்கறதும் இதே பெட்டிலதானா?"

"ஆமா மேடம். எல்லாமே."

"அப்படின்னா இது விழவே கூடாதே?"

"அதைத்தான் தட்சிணாமூர்த்தி சாரும் சொல்றார். ரெண்டு டிஸ்க் இருக்கற மிஷின் தானா விழாது, யாரோ விழவைக்கிறாங்கன்னு."

"விழுந்து எழுந்திருக்கும்போது ஏதாவது சொல்லுமா?"

"இங்கிலீஷ்ல ஒரு எச்சரிக்கை வரும். அது எப்பவும் வர்றதுதான், என்டர் தட்டிட்டுப் போன்னு சார் சொல்லியிருக்கார்."

"எப்பவும்னா? வாங்கின நாள்லேர்ந்தா?"

செல்வமேரி யோசித்தாள். "இல்ல… ஆயுத பூஜைக்கு மிஷினைத் தொடச்சு சுத்தம் பண்ணிக் கொடுத்தாரே, அப்பலேர்ந்து."

இந்த நேரத்தில் துரை ஓர் உருப்படியான காரியம் செய்தான். மின்சாரப் பெட்டி என்றால் சூடாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், பிழிந்த கைக்குட்டையை அந்தக் கறுப்புப் பெட்டியின் பின்மூலையில், யார் கண்ணிலும் படாதபடி விரித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எந்த நேரத்துல விழுது?" என்று ஞானஜோதி கேட்டாள்.

"ஒரு நேரம்னு இல்ல மேடம். திங்கட்கிழமைன்னா ஆபீஸ் திறந்ததுமே. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டீ குடிச்ச பிறகு. நேத்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கறேன், விழுது. வெள்ளிக்கிழமை உச்சி வேளைல. இன்னிக்கு இன்னும் விழல."

"சரி. இன்னிக்கு நீ மிஷின் பக்கமே போகாதே. இங்கயே என் பக்கத்துல உக்காரு. கை ரெண்டும் மடிமேல இருக்கட்டும்."

மூன்று மணி அடித்தது. உள்ளறைக் கதவு திறந்து, நெற்றி நிறைய நாமத்தோடு பக்தவச்சலம் எட்டிப் பார்த்தார். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நிலம் வைத்திருந்த பழைய குடும்பம். பயிர் போட்ட மண் மனைகளாகிவிட்ட பிறகு, ஊருக்குப் பெண் பார்த்துக் கொடுக்க உட்கார்ந்தவர். காத்திருந்த குடும்பத்தைக் கும்பிட்டு உள்ளே கூப்பிட்டார். ஞானஜோதியைப் பார்த்து, "இவங்களை அனுப்பிட்டு உங்களைக் கூப்புடறேம்மா" என்றார். செல்வமேரி பக்கம் திரும்பவே இல்லை. கதவு மூடியது. உள்ளே நாதஸ்வரம் கணீரென்று ஆரம்பித்தது.

துரை கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திரையில் மின்னிக்கொண்டிருந்த கோடு சட்டென்று நின்றது.

"மேடம்!" செல்வமேரி எழுந்துவிட்டாள். "விழுந்துடுச்சு மேடம்!"

அவள் கைகள் அப்போதும் புடவைத் தலைப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. துரை ஒரு கணம் பேயை நம்பினான்.

சத்தம் கேட்டு பக்தவச்சலம் வெளியே ஓடிவந்தார். உறைந்த திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது. "பாத்தீங்களா? உங்க கண்ணு முன்னாலயே பண்ணிட்டா!"

"என் கண்ணு முன்னால அவ மிஷின் பக்கமே போகல சார்" என்றாள் ஞானஜோதி.

"முன்னாடியே ஏதாவது புரோகிராம்ல செட் பண்ணி வெச்சிருப்பா" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. குடையை மடக்கி, பளபளப்பான ஷூவைக் கழற்றி, சாக்ஸ் காலோடு உள்ளே வந்தார், முதலாளி வரச்சொல்லியிருந்த சர்வீஸ் என்ஜினீயர் தட்சிணாமூர்த்தி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் திருப்புளி. "ஹார்ட்வேர் பெர்ஃபெக்ட் மேடம். நான் கேரண்டி. ஒரு நாள் காலைல, ஒரு நாள் மத்தியானம், ஒரு நாள் சாயங்காலம்னு கிழமைக்கு ஒரு நேரம் விழுது. மிஷினுக்குக் கிழமை தெரியுமா? மனுஷங்களுக்குத்தான் தெரியும்."

"நல்லா சொன்னீங்க" என்றாள் ஞானஜோதி. அவள் நிஜமாகவே மெச்சிச் சொல்வது போலத் துரைக்குப் பட்டது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. "அந்த டிஸ்க் பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா?"

"நோ நோ. திறந்தா வாரண்டி போயிடும். தூசி ஒரு பொட்டு விழுந்தாலும் டிஸ்க் காலி." பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

உள்ளே நாதஸ்வரம் நின்றது. பக்தவச்சலம் உள்ளே போய், வந்திருந்தவர்களைச் சமாதானப்படுத்தி இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்பினார். செல்வமேரி மிஷினை அணைத்துப் போட்டாள். எச்சரிக்கை வரி வந்தது, என்டர் தட்டினாள், மெதுவாகத் திரை உயிர்பெற்றது. துரை பெட்டியின் மூலையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். இவ்வளவு நேரமாகியும் போட்டபோது இருந்த ஈரம் அப்படியே இருந்தது. "கலீஜான பொட்டி. ஒரு கர்ச்சீப்பைக் காய வெக்கத் துப்பில்ல" என்று முனகிக்கொண்டே மேடத்தின் பின்னால் முதலாளி அறைக்குள் போனான்.

சின்ன அறை. சுவர் நிறையச் சாமி படம். ஒரு மேஜை, அதன்மேல் பளபளவென்று புது டேப்ரிக்கார்டர். சுவரோரம் ஸ்டூல்மேல் இரண்டாவது கறுப்புப் பெட்டி. துரை பிடிவாதக்காரன். கைக்குட்டையை இதன்மேலும் விரித்தான்.

"ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாதும்மா" என்றார் பக்தவச்சலம். "எனக்கும் மனசு கேக்கல. பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன். எத்தினி பேரு ஜாதகம்! எத்தினி வூட்டு விளக்கு! அதைக் கலைக்கறவளை நான் இன்னா பண்றது?"

துரைக்கு முதல்முறையாக அந்த மனுஷர்மேல் இருந்த கோபம் லேசாக ஆட்டம் கண்டது.

ஞானஜோதி சம்பந்தமே இல்லாமல் கேட்டாள். "நாதஸ்வரம் ரொம்ப நல்லா இருந்துச்சே சார். தினம் போடுவீங்களா?"

"தீபாவளிக்கு என் மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தது. அதுலேர்ந்து தினமும்தான். ராகு காலத்துல நான் ஒரு ஜாதகத்தைத் தொடமாட்டேன். அது முடிஞ்சதும் மங்கல இசை போட்டு, அந்தத் தோஷத்தைக் கழுவிட்டுத்தான் மறுபடி கை வெப்பேன்."

"ஞாயிறு தவிர எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

ஞானஜோதி சுவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து அறைக் கதவை அகலமாகத் திறந்து வைத்தாள். வெளியே கண்ணாடித் தடுப்பும், செல்வமேரியும், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தட்சிணாமூர்த்தியும் தெரிந்தார்கள்.

"எங்களுக்காக இன்னொரு தடவை போடுங்களேன் சார்."

பக்தவச்சலத்துக்கு அந்தக் கவலையிலும் முகம் மலர்ந்தது. டேப்ரிக்கார்டரின் வயரை எடுத்தார். சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஏற்கெனவே ஒரு பிளக் செருகியிருந்தது. அதைச் சாதாரணமாகப் பிடுங்கினார், டேப்ரிக்கார்டர் பிளக்கைச் செருகினார், பட்டனை அழுத்தினார்.

நாதஸ்வரம் எழுந்தது. வெளியே செல்வமேரியின் அலறலும் எழுந்தது.

"விழுந்துடுச்சு!"

பக்தவச்சலத்தின் கை அப்படியே நின்றது. பிடுங்கிய பிளக்கின் வயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். அது ஸ்டூல்மேல் இருந்த கறுப்புப் பெட்டியில் போய் முடிந்தது.

"என்ஜினீயர் சொன்னது சரிதான்" என்றாள் ஞானஜோதி, வெளியே கேட்கும்படி. "மிஷினுக்குக் கிழமை தெரியாது. கிழமை பாத்து வேலை செய்யற மனுஷர் இந்த ஆபீஸ்ல ஒருத்தர்தான் இருக்கார். திங்கட்கிழமை காலைல, செவ்வாய் சாயங்காலம், வெள்ளிக்கிழமை உச்சில. ராகு காலம் முடியற நேரம் ஒவ்வொண்ணும். செல்வமேரி ராகு காலம் பாக்கறவ இல்ல, அதனால அவளுக்கு இது உறைக்கல. உங்களுக்கு உறைக்காம போனது, நீங்க கதவைச் சாத்திக்கிட்டுப் பாட்டுக் கேட்டதால."

"ஐயையோ! நானா?" பக்தவச்சலம் நாற்காலியில் சரிந்தார். "ஆனா… பொட்டி வெச்ச அன்னிக்கு இவரேதானே எனக்குக் காட்டினாரு! இந்த பிளக்கைப் புடுங்கி, பாருங்க சார், மிஷின் ஓடுது, ஒண்ணு போனாலும் ஒண்ணு தாங்கும்னு சொன்னாரே! கொஞ்ச நேரம்தானேன்னு புடுங்கினேன். பாட்டு முடிஞ்சதும் திருப்பிச் செருகிடுவேன்."

தட்சிணாமூர்த்தி உள்ளே வந்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி இருந்தது, அது நடிப்பில்லை. மிஷின் ஏன் விழுந்தது என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. ஆனால் மறுகணமே சிரித்தார். "மிஸ்டரி சால்வ்ட்! பாத்தீங்களா சார், யூசர் மிஸ்டேக். இனிமே பிளக்கைத் தொடாதீங்க. மிரர் எப்பவாவது இப்படி சொதப்பும். அவ்வளவுதான். பாவம், அந்தப் பொண்ணு. நான் கிளம்பறேன்."

பக்தவச்சலம் தலையில் கை வைத்துக்கொண்டார். செல்வமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். கேஸ் முடிந்தது என்று துரையும் நினைத்து, கைக்குட்டையை எடுக்கப்போனான்.

அது மொடமொடவென்று காய்ந்திருந்தது. தோசைக்கல்மேல் போட்டு எடுத்த மாதிரி சுடச்சுட.

"மேடம்" என்றான் துரை மெதுவாக. "இது இன்னா கூத்து? அங்க அவ்ளோ நேரம் போட்டேன், காயல. இங்க பேசிகினு இருக்கறதுக்குள்ள காஞ்சிபோச்சு. ரெண்டும் ஒரே மாதிரி பொட்டிதானே? ஒரே மாதிரிதானே ஓடுது?"

ஞானஜோதி சிரித்தாள். "அதை நான் கேக்கலாம்னு இருந்தேன். நீயே கேட்டுட்டே." அவள் தட்சிணாமூர்த்தி பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீங்க சொன்னது பொய் இல்ல சார். ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். இன்னிக்கு ஒண்ணு போச்சு. இன்னொண்ணு எங்கே?"

தட்சிணாமூர்த்தி வாசலைப் பார்த்து நடந்தார். குடையை எடுத்தார். குனிந்தார். அப்படியே நின்றார்.

"ஒத்தைக் கால் ஷூதான் கீது சார்" என்றான் துரை. முன்னறை பெஞ்சுக்குப் பின்னாலிருந்து இன்னொன்றை எடுத்துக் காட்டினான். "பொட்டியைத் தொறக்க மாட்டேன்னு நீங்க பதறினப்பவே எடுத்து வெச்சேன். ஒண்ணு போனாலும் ஒண்ணு தாங்கும்னு சொன்னீங்களே, எங்க, நடந்து காட்டுங்க."

சொல்லிக்கொண்டே அவர் சட்டைப் பையிலிருந்த திருப்புளியை உருவினான். முன்னறைப் பெட்டியின் திருகாணிகளை அவனே கழற்றினான். மூடி வந்தது.

உள்ளே, பச்சை விளக்குக்கு ஒரு சின்ன வயர் போயிருந்தது. டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் தினசரிப் பேப்பரில் சுற்றிய அரைச் செங்கல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"செங்கல் மேல துணி காயாது" என்றாள் ஞானஜோதி. "ஆயுத பூஜைக்கு சுத்தம் பண்றேன்னு டிஸ்க்கை உருவிட்டீங்க. ஒத்தை டிஸ்க்குல ஓடறேன்னு மிஷின் தினம் எச்சரிக்கை கொடுத்துச்சு. என்டர் தட்டச் சொல்லிட்டீங்க. தீபாவளிக்கு அப்புறம் மிஷின் விழ ஆரம்பிச்சதும் உங்களுக்கு உதறல். வேற யாராவது வந்து பெட்டியைத் திறந்தா செங்கல் வெளிய வந்துடும். அதனால மிஷின்ல கோளாறே இல்ல, பொண்ணுதான் பண்றான்னு சொல்லிட்டீங்க."

தட்சிணாமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்தார். "கூடுவாஞ்சேரில ஒரு கஸ்டமர் மிஷின்ல டிஸ்க் செத்துப்போச்சு மேடம். அது என் தப்பு. அங்க வேலை போயிடும்னு பயந்து இதை எடுத்து அங்க போட்டேன். புது டிஸ்க் வந்ததும் திருப்பி வெச்சுடலாம்னுதான் இருந்தேன். அது வரவே இல்ல."

"அதுக்குப் பதிலா என் பேரைக் கொடுத்துட்டீங்க" என்றாள் செல்வமேரி. அவ்வளவு நேரத்தில் அவள் சத்தமாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். தட்சிணாமூர்த்தியால் நிமிர முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டது ஞானஜோதி. புகாரில் பெயர் மட்டும் மாறியது.

பக்தவச்சலம் செல்வமேரி எதிரே வந்தார். பெரிய மனிதர், மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

"நான் இன்னா பண்ணணும் சொல்லும்மா. சீர் செய்யறேன். மண்டபம் பிடிச்சுத் தரேன். எது வேணா கேளு."

செல்வமேரி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வர்றதா சொன்னீங்களே சார். வாங்க. காலைல ஏழரை மணி பூசை. என் பேரைப் படிச்சுட்டு, தடை இருக்கறவங்க சொல்லலாம்னு ஃபாதர் கேப்பார். நீங்க எல்லார் கண்ணுலயும் படற மாதிரி முன்வரிசைல, ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தா அது போதும்."